பழைய அவுட்போர்டு எஞ்சின் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இங்கே சொல்லப்படுபவை, ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டப்படும், கார்ப்பரேட்டர் வைத்த, இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்களுக்குப் பொருந்தும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு இப்போது இருபது வயது ஆகிவிட்டது. அவற்றில் கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது என்பதால், பொறுமையாகப் பார்க்கிற எவரும் கோளாறின் இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும்.

எஞ்சின் ஓடுவதற்கு எண்ணெய் கலந்த எரிபொருள், நேரத்துக்கு விழும் தீப்பொறி, சிலிண்டரில் போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். ஓடிக்கொண்டே இருப்பதற்கு நான்காவதாகக் குளிர்விக்கும் நீர் வேண்டும். இந்த நான்கில் எது குறைகிறது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. கோளாறு என்றதும் கார்ப்பரேட்டரைக் கழற்றிப் போடுவது கரையோரத்தில் ஊறிப்போன பழக்கம். ஆனால் எரிபொருள் கோளாறுகளில் பெரும்பகுதி தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயிலேயே இருக்கிறது. அதோடு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக், குழாய், பொறிக்கு மின்னழுத்தம் தரும் காயில் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றியவருக்கு எஞ்சின் ஓடும், ஆனால் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை மூன்றையும் மறுபடி வாங்குவார்.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். புரொப்பெல்லர் அருகே கை வைக்கும்போது பிளக் கேப்கள் இரண்டையும் கழற்றியிருக்க வேண்டும். பொறி சோதிக்கும்போது அருகில் திறந்த பெட்ரோல் இருக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுக்கும்போது கேப்களை வெறுமனே தொங்கவிடாமல், எஞ்சினின் உலோக உடலோடு தொடர்பில் வைக்க வேண்டும். இல்லையெனில் போக இடமில்லாத மின்சாரம், பொறியை நேரத்துக்கு விழவைக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. பெட்டியையே கெடுத்துவிடக்கூடும். நீரில்லாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. "ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்" என்று மணலில் வைத்து ஓட்டும் சில நொடிகளே குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லரை உரசிக் கெடுக்கப் போதும்.

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் பார்க்க வேண்டியவை காசு செலவில்லாதவை. எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப் தன் இடத்தில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாயின் முனை எஞ்சினில் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பல்பை அழுத்த வேண்டும். பல்பின் மேல் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். பல்ப் மாற்றும்போது இதைத் திருப்பி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

நல்ல நிலையிலுள்ள பல்ப் சில அழுத்தங்களிலேயே கல்போல இறுகும். எவ்வளவு அழுத்தியும் இறுகாவிட்டால், எங்கோ காற்று உள்ளே வருகிறது அல்லது பல்பின் உள்ளிருக்கும் வால்வு போய்விட்டது. அழுத்தியது அப்படியே சப்பி நின்றால், தொட்டிப் பக்கம் அடைப்பு இருக்கிறது அல்லது காற்றுத் திருகு மூடியிருக்கிறது. பல்ப் இறுகியும் எஞ்சினுக்குள் எரிபொருள் போகவில்லையென்றால், கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்குள் எரிபொருளை விடும் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கிண்ணத்தின் வெளிப்புறத்தை ஸ்பேனரின் கைப்பிடியால் இலேசாகத் தட்டினால் சில சமயம் அது விடுபடும்.

அடுத்து பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வழி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் கோடு பிரித்துத் தண்ணீர் தெரிந்தால் கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. ஒன்றுமே வரவில்லையென்றால் குழாயிலும் பம்பிலும் தேட வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு, பழைய எரிபொருளோடு தை மாதத்தில் இறக்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 2023 முதல் 20 சதவீதக் கலப்பு படிப்படியாகப் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடலோர ஈரக்காற்றில், பாதி நிரம்பிய தொட்டியில் மாதக்கணக்கில் நின்றால், ஓர் அளவைத் தாண்டிய பிறகு எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது இருமடங்கு ஆபத்து, ஏனெனில் நாம் கலந்த எண்ணெயின் பெரும்பகுதி மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிட, உறிஞ்சு குழாயோ அடியிலிருப்பதைத்தான் முதலில் எடுக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போனால் அதிர்ஷ்டம். அந்த நீரில் ஓடிவிட்டால் பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது, வடிகட்டியும் பயனில்லை. மொத்தத்தையும் வெளியேற்றிவிட்டுத் தொட்டியைக் காயவைத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். எத்தனால் வருவதற்கு முன் தயாரான பழைய ரப்பர் குழாய்களையும், எரிபொருள் பம்பிலுள்ள டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வுகளையும் அது மென்மையாக்கி உரிக்கவும் செய்யும். இதன் விளைவை அடுத்த பகுதியில் காணலாம்.

பிளக் நனைந்திருந்தால், ஒன்று எரிபொருள் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது, அல்லது மெக்கானிக்குகள் 'கரண்ட்' என்று சொல்லும் பொறி விழவில்லை. பிளக்கைத் துடைத்துக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினின் மேல் வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நீலநிறமாக, சத்தத்தோடு விழும் பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்து விழுவதை நம்பக் கூடாது. இரண்டு சிலிண்டரிலும் பொறியே இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது, பெரும்பாலும் நிறுத்தும் சுவிட்ச். பெரும்பாலான சி.டி.ஐ. எஞ்சின்களில் நிறுத்தும் கம்பியை எஞ்சின் உடலோடு இணைப்பதால்தான் எஞ்சின் நிற்கிறது. சுவிட்சுக்குள் உப்பு பூத்து அந்த இணைப்பு தானாகவே உண்டாகிவிட்டால் பொறி வரவே வராது. அந்தக் கம்பியை இணைப்பிலிருந்து பிரித்துவிட்டுச் சோதித்தால் பொறி வருகிறதா என்று பார்க்கவும், வந்தால், சி.டி.ஐ. பெட்டிக்குச் செலவழிக்க இருந்த பணம் மிச்சம், ஒரு சுவிட்ச் வாங்கினால் போதும். பிரித்த நிலையிலேயே கடலுக்குப் போவது மட்டும் கூடாது. கில் சுவிட்ச் வேலை செய்யாத படகிலிருந்து ஒருவர் விழுந்தால், அவரைச் சுற்றியே அந்தப் படகு சுழன்று வரும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் முதலில் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், பிறகு கேப்பைத் திருகிக் கழற்றிப் பார்க்க வேண்டும். கம்பியின் முனை பச்சையாகக் களிம்பேறியிருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகினாலே சரியாகிவிடும். பிளக் வாங்கும்போது எண்ணை முழுதாகப் பார்க்க வேண்டும். என்.ஜி.கே. பிளக்குகளில் எண் ஏற ஏற வெப்பத்தை வேகமாகக் கடத்தும் குளிர்ந்த பிளக் என்று பொருள். கடைசியில் வரும் '-10' என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கும். கடையில் இருக்கிறது என்பதற்காக ஸ்கூட்டர் பிளக்கை மாட்டுவது சரியல்ல.

பொறியும் எரிபொருளும் இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, அளவி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கவும். மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்களில் அழுத்தம் வடிவமைப்பிலேயே குறைவு என்பதால், பெட்ரோல் எஞ்சின் வைத்திருக்கும் அடுத்த படகுக்காரரின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரு சிலிண்டரை மற்றதோடு ஒப்பிட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ரிங், கேஸ்கெட் அல்லது சிலிண்டர் சுவரில் கோளாறு இருக்கிறது.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறுகின்றன. கரைக்கு வரும் கடைசி சில நிமிடங்கள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டாமல் அப்படியே நிறுத்திவிட்டால், கார்ப்பரேட்டரிலும் பிஸ்டனுக்கு அடியிலுள்ள கிராங்க் அறையிலும் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் காலைக் குளிரில் ஆவியாகாது. எவ்வளவு இழுத்தாலும் பயனிராது. கிண்ணத்தை வடித்துவிட்டுப் பெட்ரோலை நிரப்பி, பிளக்குகளைத் துடைத்து மாட்டினால் ஓடும்.

ஸ்டார்ட் ஆகிறது, சிறிது தூரம் போனதும் நின்றுவிடுகிறது

பழைய எஞ்சின்களில் ஆளை மிகவும் அலைக்கழிப்பது இதுதான், ஏனெனில் கரையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நின்ற அந்த நிமிடமே சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தடயம் கலைந்துவிடும்.

முதலில் பல்பைத் தொட்டுப் பார்க்கவும். சப்பிப் போயிருந்தால் பல்புக்கும் தொட்டிக்கும் இடையில் அடைப்பு: காற்றுத் திருகு, தொட்டிக்குள்ளிருக்கும் சல்லடை, குழாய் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். பல்ப் சப்பாமல் தளர்ந்து மட்டும் இருந்து, ஒருவர் அதை அழுத்திக்கொண்டே இருக்கும்போது எஞ்சின் நன்றாக ஓடினால், எஞ்சினிலுள்ள எரிபொருள் பம்ப் பலவீனமாகிவிட்டது அல்லது குழாய் இணைப்பில் காற்று கசிகிறது. இணைப்பு முனைகளின் உள்ளிருக்கும் சிறிய ஓ-ரிங் உலர்ந்து வெடித்திருந்தால் எரிபொருள் வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

குழாயை வெளியில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எத்தனால் பட்ட பழைய குழாயின் உள்சுவர் உரிந்து, உறிஞ்சும் வேகத்தில் மடங்கி வழியை அடைத்துவிட்டு, எஞ்சின் நின்றதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஓடும், வேகம் கூட்டினால் மறுபடி நிற்கும். இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிப் பிரித்தறிய ஒரே வழி, நன்றாக ஓடும் வேறு படகின் தொட்டியையும் குழாயையும் சேர்த்து வாங்கி மாட்டி ஓட்டுவது. கோளாறு மறைந்தால் எஞ்சின் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. கார்ப்பரேட்டரைக் கழற்றுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பம்பைத் திறக்க நேர்ந்தால் டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். இந்தப் பம்ப் ஒரு சிலிண்டரின் கிராங்க் அறையில் மாறி மாறி எழும் அழுத்தத்தால் இயங்குகிறது. டயஃப்ரம் கிழிந்தால் பம்ப் பலவீனமாவதோடு, எரிபொருள் அந்தத் துளை வழியாக நேரே அந்தச் சிலிண்டருக்குள் போகும். அந்த ஒரு பிளக் மட்டும் எப்போதும் ஈரமாகக் கருத்திருப்பதும், புகை கூடுவதும் அதன் அடையாளம்.

பல்ப் இறுகியே இருந்தும் எஞ்சின் நின்றால் பொறியை உடனே, சூடு தணியுமுன், சோதிக்க வேண்டும். இதற்காகவே படகில் ஓர் உதிரி பிளக் இருப்பது நல்லது. சூட்டில் பொறி இல்லாமல் போய், ஆறியதும் திரும்பி வந்தால் காயிலோ, ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள சுருள்களோ, சி.டி.ஐ. பெட்டியோ வெப்பத்தில் தொடர்பு இழக்கிறது. மின்தடையை ஆறிய நிலையில் அளந்தால் எண்கள் சரியாகவே காட்டும் என்பதால், மீட்டரை மட்டும் நம்பாமல், நல்ல நிலையிலுள்ள பாகத்தை மாற்றிப் பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது.

மெதுவாக ஓடும்போது நடுங்கி நிற்கிறது, வேகத்தில் சரியாக இருக்கிறது

இங்கேதான் கார்ப்பரேட்டர் உண்மையிலேயே குற்றவாளி. மெதுவான ஓட்டத்துக்கு எரிபொருள் தரும் பைலட் ஜெட்டின் துளை மிகச் சிறியது. உலர்ந்த எரிபொருளின் பசை முதலில் அதைத்தான் அடைக்கும். கார்ப்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளை எடுத்து, கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். இரும்புக் கம்பியைத் துளைக்குள் விட்டால் துளை பெரிதாகிவிடும். அவசியமானால் மின்வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். ஐடில் கலவைத் திருகை மெதுவாக இறுதிவரை உள்ளே திருகி, எஞ்சினின் கையேடு சொல்லும் அளவுக்கு வெளியே திருப்ப வேண்டும். கையேடு இல்லையென்றால் ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்கிச் சீர்செய்யலாம். சுத்தம் செய்த பிறகும் நடுக்கம் போகாவிட்டால், கார்ப்பரேட்டருக்கு அடுத்து ஒருவழி வால்வாக இருக்கும் ரீட் தகடுகளின் நுனி உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டர் வாயிலிருந்து எரிபொருள் துளிகளாகத் திரும்பித் தெறிப்பது அதற்கான அறிகுறி.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

முதலில் காதால் பிரிக்க வேண்டும். எஞ்சின் சத்தம் உயர்ந்து படகு மட்டும் நகராவிட்டால் எஞ்சினில் குறையில்லை. புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது. புரொப்பெல்லரின் மையக் குழலிலும் வெளிப் பாகத்திலும் ஒரே நேர்க்கோடாகப் பெயின்ட் அடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், வழுக்கும் புஷ்ஷில் கோடு விலகியிருக்கும். மெதுவாக ஓட்டினால் பிடிக்கும், வேகம் கூட்டினால் வழுக்கும் என்பதால், கரைக்குத் திரும்புவதற்கு அவசரமில்லாமல் ஓட்டினால் போதும். சிறிய எஞ்சின்களில் புஷ்ஷுக்குப் பதிலாக ஷியர் பின் இருக்கும். அது பாறையில் மோதும்போது உடைவதற்கென்றே வைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஆணியைச் செருகி ஓட்டினால் அடுத்த மோதலில் உடைவது கியராக இருக்கும்.

சத்தமே உயராமல் திணறினால், ஒரு சிலிண்டர் மட்டுமே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் பிளக்குகளைக் கழற்றினால், ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று ஈரமாகவும் இருப்பதே சாட்சி. இரண்டும் சரியென்றால், த்ராட்டில் கேபிளை முழுதாக இழுத்த நிலையில் கார்ப்பரேட்டரின் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்கவும். பழைய கேபிள் நீண்டு, முக்கால் பங்கோடு நின்றுவிடுவது உண்டு. படகின் அடியில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள் ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான். அதைச் சுரண்டாமல் எஞ்சினைக் குறை சொல்பவர்கள் குறைவில்லை.

ஒரு கார்ப்பரேட்டருக்கு மட்டும் எரிபொருள் குறைவாகப் போகும் நிலையில் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே போவது மிக ஆபத்தானது. எரிபொருளோடுதான் எண்ணெயும் வருகிறது. அது குறையும் சிலிண்டரில் வெப்பம் ஏறி, பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்து, அதில் அலுமினியத் துகள்கள் மின்னினால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

எண்ணெயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 50:1 என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. நீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டி.சி.-டபிள்யூ.3 தர எண்ணெய் வேண்டும். இருசக்கர வாகனத்துக்கான 2டி எண்ணெயில் சாம்பல் விடும் சேர்மங்கள் இருப்பதால் பிளக்கிலும் ரிங்கிலும் படியும். எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல, கரிதான் கூடும்.

நீர்த் தாரை வரவில்லை, எஞ்சின் சூடேறுகிறது

எஞ்சினின் பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய நீர்த் தாரை நின்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கரை பக்கத்தில்தானே என்று ஓட்டுவதற்கு இது இடமளிக்காது. நிறுத்தியதும் எஞ்சினைத் தூக்கிப் பார்க்கவும். பாக் நீரிணைப் பக்கத்தில் கடற்தாழையும், எல்லாக் கரையிலும் பிளாஸ்டிக் பையும் நீர் உள்ளே போகும் சல்லடையை மூடிவிடுகின்றன. அது சுத்தமாக இருந்தால், தாரை வெளிவரும் துளைக்குள் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்தவும். உப்புக் கட்டி அந்தத் துளையை மட்டும் அடைத்திருந்தால் எஞ்சின் உள்ளே குளிர்ந்தபடியே இருக்கும், தாரை மட்டும் வராது. இரண்டும் இல்லையென்றால் கீழ்ப்பகுதியிலுள்ள இம்பெல்லரைப் பார்க்க வேண்டும்.

கியர் நிலையைக் குறித்துக்கொண்டு கீழ்ப்பகுதியை இறக்கினால் பம்ப் கூடு தெரியும். இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இதழ் ஒன்று உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுக்கும்வரை வேலை முடியவில்லை. அது மேலே போய் நீர்வழியில் சிக்கியிருக்கும், புது இம்பெல்லர் போட்ட பிறகும் சூடேறும். புதியதைக் கூட்டுக்குள் இறக்கும்போது இலேசாகக் கிரீஸ் தடவி, தண்டை எஞ்சின் சுழலும் திசையில், பெரும்பாலானவற்றில் மேலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாக, சுற்றிக்கொண்டே இறக்க வேண்டும். கீழ்ப்பகுதியைத் திரும்பப் பொருத்தும்போது நீரை மேலே கொண்டுபோகும் செப்புக் குழாய் பம்ப் கூட்டின் ரப்பருக்குள் சரியாக இறங்கியதா என்பதை டார்ச் அடித்துப் பார்க்கவும்.

பம்ப் சரியாக இருந்தும் சூடேறினால், சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளையும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், கொதிநிலைக்கு வெகு முன்பே திறந்துவிட வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பரவலாக நடக்கிறது; எஞ்சின் அதனால் நிற்காது என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமலே ஓடும், மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். இதை நான் பரிந்துரைப்பதில்லை. இருபது ஆண்டு உப்பில் இருந்த மூடியின் போல்ட்டுகளை ஒரே மூச்சில் திருகினால் தலை உடைந்து கையில் வந்துவிடும். துரு நீக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு, சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும். நீர்வழியில் கல்லாகிவிட்ட உப்பை வினிகரை நிரப்பி ஊறவைத்துக் கரைக்கலாம். ஓட்டிவிட்டு வந்த ஒவ்வொரு நாளும் நன்னீரில் ஓடவிட்டுக் கழுவுகிறவர்களுக்கு இந்த வேலை அரிதாகவே வரும்.

தாரையில் நீரோடு குமிழ்கள் கலந்து வந்தாலோ, ஒரு பிளக்கில் மட்டும் உப்புத் தடம் தெரிந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

கியர் விழவில்லை, அல்லது கீழ்ப்பகுதியில் சத்தம்

ஓர் இரவு அசையாமல் நின்ற எஞ்சினின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தவும். முதலில் தண்ணீர் வந்தாலும், எண்ணெய் பால் நிறமாக வந்தாலும் சீல் போய்விட்டது. புரொப்பெல்லரைக் கழற்றினால் பெரும்பாலும் தண்டைச் சுற்றி நைலான் நரம்பு இறுகியிருப்பதையும், அது சீலின் உதட்டை அறுத்திருப்பதையும் காணலாம். சீல் மாற்றிய பிறகு எஸ்.ஏ.இ. 90 கியர் எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். கியரை மெதுவாக, தயங்கித் தயங்கித் தள்ளும் பழக்கமே பற்களின் முனைகளை உருட்டிவிடுகிறது; எஞ்சினை ஐடிலுக்கு இறக்கிவிட்டு ஒரே தள்ளலில் போட வேண்டும்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொல்கிறது

முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அப்படியிருந்தும் சுற்றாவிட்டால் எர்த் கம்பியின் இரு முனைகளையும் கழற்றிச் சுரண்டி மாட்டவும். உப்புக்காற்றில் அந்த இணைப்புதான் முதலில் போகிறது. பேட்டரிக் கம்பிகளை மாற்றி மாட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும்.

எஞ்சின் கடலில் மூழ்கிவிட்டது

அலை உடையும் கரையைக் கடக்கும்போது படகு கவிழ்ந்து எஞ்சின் உப்புநீரில் அமிழ்வது சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. தூக்கியதும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் கனெக்டிங் ராடை வளைத்திருக்கக்கூடும். எங்காவது தடுத்தால் வலுக்கட்டாயமாகச் சுற்றாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

தடையின்றிச் சுற்றினால் மூடியைக் கழற்றி எல்லா இடத்தையும் நன்னீரால் தாராளமாகக் கழுவவும். பிளக்குகளை எடுத்துவிட்டு, பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, நீர் வடிவது நிற்கும்வரை ஃப்ளைவீலைச் சுற்ற வேண்டும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் குழாயையும் வடித்துவிட்டு, சிலிண்டர்களிலும் கார்ப்பரேட்டர் வாயிலும் எண்ணெய் விட்டுச் சுற்றி, மின் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்துக் காயவைத்து, புதிய எரிபொருளில் ஸ்டார்ட் செய்யவும். ஓடினால் நன்னீர்த் தொட்டியில் வைத்து அரை மணி நேரமாவது விடாமல் ஓட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தைச் சூட்டால் வெளியேற்ற வேண்டும்.

இவை அனைத்தும் சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். இரவாகிவிட்டது, ஆள் இல்லை, பொருள் இல்லை என்றால் எஞ்சினைக் கரையில் காயவிடுவதைக் காட்டிலும் ஒரு பெரிய டிரம்மில் நன்னீர் நிரப்பி அதற்குள்ளேயே மூழ்க வைத்திருப்பது மேல். உப்பு பட்ட பேரிங்கைத் தின்பது காற்றும் ஈரமும் சேர்ந்தே, காற்றுப் படாதவரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். மறுநாள் வெளியே எடுத்த பிறகு மேலே சொன்ன வரிசையை முதலிலிருந்து செய்துவிட்டு, ஓட்டிய மறுநாள் பிளக்குகளையும் கியர் எண்ணெயையும் மீண்டும் ஒருமுறை கழற்றிப் பார்க்கவும்.